விரல்கள் விட்டுக்கொடுப்பதில்லை

புரோகிராமர்கள் கூடியிருக்கும் இடத்தில் கலகம் மூட்ட ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்த எடிட்டர் நல்லது?" புரோகிராமை எழுதவும் திருத்தவும் உதவும் சாஃப்ட்வேர்தான் எடிட்டர். எழுத்துருவின் அழகு, பக்கத்தின் ஓரம் போன்ற அலங்காரமெல்லாம் அதில் கிடையாது. வெறும் எழுத்துகள்தான். அதற்குத்தான் இவ்வளவு சண்டை.

சண்டையின் இரு தரப்பும் தோன்றியது ஒரே ஆண்டில், அமெரிக்காவின் இரு கரைகளில். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், 1976இல் 'விஐ'யை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு எம்ஐடியின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் சகாக்களும் உருவாக்கியது 'ஈமாக்ஸ்'.

ஜாயிடம் இருந்ததோ 300 பாட் வேக மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வந்துசேரும். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எனவே விஐயில் எல்லாமே சிக்கனம். 'எக்ஸ்' தட்டினால் ஓர் எழுத்து அழியும். 'டி'யை இருமுறை தட்டினால் ஒரு வரியே போய்விடும். இந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. கட்டளையிடும் நிலை வேறு, எழுதும் நிலை வேறு. புதியவர்கள் இதில் திணறுவார்கள். விஐயின் வாரிசான 'விம்'மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளத்தில் 10 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று 2017இல் தெரியவந்தது.

ஈமாக்ஸ் நேர் எதிர். அதில் கடிதம் படிக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம், டெட்ரிஸ் விளையாடலாம். பிடிக்காததை லிஸ்ப் மொழியில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். "எல்லாம் இருக்கிறது, நல்ல எடிட்டர் மட்டும்தான் இல்லை" என்பது எதிர்த் தரப்பின் பழைய கிண்டல். ஸ்டால்மனும் சளைத்தவரல்ல. தலைக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கை ஒளிவட்டமாக மாட்டிக்கொண்டு, ஈமாக்ஸ் திருச்சபையின் புனிதராக மேடையேறியவர்.

கேலிக்கு அடியில் ஒரு நிஜமான பயம் இருக்கிறது. எடிட்டர் பழக்கம் மூளையில் அல்ல, விரல்களில் படிகிறது. அது படிய ஆண்டுகள் ஆகும். எடிட்டரை மாற்றுவது என்றால் தேர்ந்த கை மீண்டும் கற்றுக்குட்டியாவது. வாதாடுபவர் காப்பாற்றுவது தான் செலவிட்ட ஆண்டுகளைத்தான்.

அந்த ஆண்டுகள் யார் கையில் என்பது அடுத்த கேள்வி. 'கிட்ஹப்' நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'ஆட்டம்' எடிட்டருக்கு ரசிகர்கள் ஏராளம். 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் சொந்த எடிட்டரான 'விஎஸ் கோட்' 2015இல்தான் வந்தது. ஆனால் 2023இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கருத்துக்கணிப்பில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

விம்மின் கதை வேறு. 1991இல் அதை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் அதற்கு விலை வைக்கவில்லை. விரும்பினால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தார். தன்னார்வலர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். விம் ரசிகர்களின் விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.