ஒருவழிப் பயணம்

சென்ற வாரம் கண்டியிலிருந்து ஒரு தந்தையார் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மூத்த மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. மகளையும் அவளது பெட்டி படுக்கையையும் வந்தாறுமூலையிற் சேர்க்க ஒரு வாடகைக் கார் வேண்டும். "மகியங்கனை வழியே தூரம் குறைவு. என் மனைவியோ நுவரெலியா, பதுளை வழியாகவே போக வேண்டும் என்கிறாள். அவள் பிறந்த தோட்டம் புசல்லாவைப் பக்கம். மகளுக்கு அதைக் காட்ட வேண்டுமாம். காரை அங்கேயே அனுப்பிவிட்டு, மட்டக்களப்பில் உறவினர் வீட்டிலே சில நாள் தங்கிப் பஸ்ஸில் திரும்புவோம். இது வீண் செலவா?" என்பது அவர் கேள்வி.

வீண் செலவன்று என்பதே எனது விடை. ஆயினும் திட்டமின்றிப் புறப்பட்டால் வீணாகிவிடவும் கூடும்.

முதலிற் பணத்தைப் பேசுவோம். நமக்கு ஒருவழிப் பயணம். கார்ச் சொந்தக்காரருக்கோ இருவழிக் கணக்கு. வெறுங்காராகத் திரும்பும் தூரத்துக்கும் அவர் கூலி கேட்பார். அது நியாயமே. ஆனால், திரும்பும் கார் நுவரெலியா வழியே வரவேண்டியதில்லை. மகியங்கனை வழியே வந்துவிடும். ஆகவே, திரும்பும் தூரத்தைக் குறுக்கு வழியின்படியே கணக்கிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எரிபொருள் யார் செலவு, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகத் தூரத்துக்கு என்ன கூலி, சாரதியின் இராத்தங்கலுக்கும் பட்டாவுக்கும் எவ்வளவு என்பவற்றையெல்லாம் எழுத்தில் வாங்குவது நலம்.

அடுத்தது பாதை. பேராதனையில் தொடங்கிச் செங்கலடியில் முடியும் ஏ5 வீதி ஏறக்குறைய 270 கிலோமீற்றர் நீளமானது. இதை ஒரே நாளில் ஓடிமுடிக்க எண்ணாதீர்கள். பலர் நுவரெலியாவில் தங்குவர். ஏப்ரில் வசந்த காலத்திலோ அங்கு அறை வாடகை கையைக் கடிக்கும். பதுளையிலே தங்கினால் தூரம் ஏறக்குறையச் சரிபாதியாகும். மறுநாட் காலை, களைப்பாறிய சாரதியுடன் பசறை, லுணுகலை வளைவுகளை நல்ல வெளிச்சத்தில் கடக்கலாம்.

முதல் நாள் விடியற்காலையிலேயே கண்டியை விட்டுப் புறப்படுங்கள். கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். 109 மீற்றர் உயரமான இறம்பொடை நீர்வீழ்ச்சியையும், கீழே விரிந்துகிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தையும் பார்த்தவாறே ஏறினால், 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா. பிற்பகலிற் பனிப்புகார் மூடுமுன் அதைக் கடந்துவிடலாம். அப்பால் சீதா எலிய அம்மன் கோயில். பின்னர், 1861 இல் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காக உண்டான ஹக்கலைப் பூங்கா. வெலிமடைக்கு இறங்கும்போது காற்றே மாறிவிடும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிற் கொட்டும் நாட்களில் ஊவாச் சரிவு காய்ந்து கிடக்கும். வடகீழ்ப் பருவத்திலே நிலை மாறும். இருபுறமும் வெயில் வேண்டுவோர்க்கு மார்ச் மாதம் ஏற்றது.

இறக்கத்திற் சாரதி பிறேக்கையே நம்பி ஓட்டினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் அந்த மலையை ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். 2021 மார்ச்சில் பசறைக்கு அருகிலும், 2025 மே மாதத்தில் இறம்பொடைப் பகுதியிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் போயின. 2025 நவம்பர்ப் புயலின் மண்சரிவுகளையும் மறக்கலாகாது. மழை பெய்தால் வீதி நிலைமையை விசாரித்த பின்னரே புறப்படுங்கள். மகளை ஒருநாள் பிந்திக் கொண்டுபோய் விடுவதாற் குறைவொன்றுமில்லை.

இனி, மனைவியாரின் விருப்பம். போய்வரும் பயணங்களில் நம்மவர்க்கு ஒரு வழக்கமுண்டு. "வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் தாயாருடன் இதே வீதியிற் சென்றேன். இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில், தாம் சிறுவயதிற் குடம் நிரப்பிய பீலி உள்ளே இருக்கிறதென்று காரை நிறுத்தச் சொன்னார். நேரமாகிவிட்டது, வரும்போது பார்ப்போம் என்றேன். திரும்பும் நாளில் அடைமழை. வேறு வழியாக வந்துவிட்டோம். அதன்பின் அம்மா அவ்வழி போகவேயில்லை.

ஒருவழிப் பயணத்தில் அப்படிச் சொல்ல இடமில்லை. ஆதலால் புசல்லாவையில் இரண்டு மணி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். நாம் அழகென்று வியக்கும் அந்தப் பசுமை தானாக முளைத்ததன்று. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்களின் கைகள் தேயிலை நட்டு வளர்த்த பசுமை அது. பாட்டியார் கொழுந்து பறித்த மலையையும், தாயார் பிறந்த லயத்தையும் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் பெண், தான் எங்கிருந்து வந்தவள் என்பதைப் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

போகும் வழியிலே மகளைச் சாளரத்தோரம் உட்கார வையுங்கள். தாயார் அருகில் அமர்ந்து கதை சொல்லட்டும். மகளுக்கு எனது வாழ்த்துகள்.