பெரிய திரையிற் சிறுத்த அங்கதம்

ஆள்வோரைக் கண்டு நகைப்பது குடிமக்களின் பழைய உரிமை. அவ்வுரிமையை அண்மைக் காலத்திற் திறம்படப் பயன்படுத்தியவர்களுள் ஆர்மாண்டோ இயனூச்சி ஒருவர். 2005ஆம் ஆண்டில் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய 'த திக் ஒவ் இற்' என்னும் அவரது தொலைக்காட்சித் தொடரை நாம் விரும்பிப் பார்த்தோம். ஆதலால், அதன் வழியாகப் பிறந்து 2009இல் வெளிவந்த 'இன் த லூப்' என்னும் திரைப்படத்தையும் பேராவலுடன் பார்த்தோம். எஞ்சியது ஏமாற்றமே.

தொடரின் களம் சிறியது. பிரித்தானிய அரசாங்கத்தின் கற்பனை அமைச்சு ஒன்று. அதன் திறமையற்ற அமைச்சர். அவரை வசைமொழியால் ஆட்டிப்படைக்கும் பிரதமரின் பிரசாரத் தலைவர் மல்கம் டக்கர். காலையிற் சொன்ன பொய்யை மாலையில் மறைக்க இவர்கள் படும் பாடே கதை. குற்றத்துக்கு அளவாக நகைப்பும் அமைந்திருந்தது.

திரைப்படத்திலோ பொருள் போர். பெயர் கூறப்படாத மத்திய கிழக்கு நாடொன்றின்மீது படையெடுக்க வாஷிங்டனும் லண்டனும் முனைகின்றன. 2003ஆம் ஆண்டின் ஈராக் யுத்தமே குறிக்கப்படுகிறது என்பது வெளிப்படை. அறிக்கையொன்றிலிருந்து போருக்கு எதிரான நியாயங்களை நீக்கிவிட்டு, எஞ்சியதை உளவுத் தகவல் என்று டக்கர் அமெரிக்கர் கையிற் சேர்க்கிறார். போர் உறுதியாகிறது. அமைச்சரும் பதவி இழக்கிறார். ஆனால் போரின் பொருட்டன்று, தமது தொகுதியிலுள்ள ஒரு மதிலின் பொருட்டு!

படத்திற் திறமைக்குக் குறைவில்லை. டக்கராக வரும் பீற்றர் கபால்டியின் நடிப்பு அபாரம். திரைக்கதை ஒஸ்கார் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும், எவர் தலையிற் குண்டு விழப்போகிறதோ, அவர்களுள் ஒருவரது முகமேனும் காட்டப்படவில்லை. மதிலுக்கும் போருக்கும் ஒரே சிரிப்பு. அதிகாரிகள் அம்மக்களை நினையாதிருந்ததையே படம் உணர்த்துகிறது எனச் சிலர் வாதிடலாம். பார்ப்போரும் அவர்களை நினையாமலே எழுந்து செல்வராயின், அங்கதத்தாற் பயன் யாது?

இக்குறையைத் தொடரே பின்னர் நிறைவு செய்தது. 2012இல் வந்த நான்காம் பகுதியில், வீடிழந்த ஆண் தாதி ஒருவர் தம் உயிரைப் போக்கிக்கொள்கிறார். அவரது அந்தரங்க மருத்துவக் குறிப்புகள் வெளியானது எவ்வாறு என்று விசாரணைக் குழு வினவுகிறது. அமைச்சர் முதல் ஆலோசகர் வரை ஒவ்வொருவரும் நழுவுகின்றனர். சிரிக்கத் திறந்த வாய் தானே மூடிக்கொள்கிறது.

மாணவர்க்கு ஒரு சொல். அங்கதம் ஒன்றை மதிப்பிடும்போது, எத்தனை முறை சிரித்தோம் என்று எண்ணுதல் போதாது. சிரித்து ஓய்ந்தபின் எவர் நம் மனத்தில் நிற்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். தொடர் முடிந்தபோது எம் மனத்தில் அத்தாதி நின்றார். படம் முடிந்தபோது நின்றவர் டக்கர் ஒருவரே.