பழைய பைக்கின் கியர் பாக்ஸும் விற்பவரின் அமானத்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்போர்ட்ஸ் பைக் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. 2008இல் யமஹா ஆர்15 நம் நாட்டில் அறிமுகமான பின், ஆறு கியர் கொண்ட இவ்வகை வண்டிகள் நடுத்தரக் குடும்பத்தினரின் ஆசைக்கு அருகில் வந்தன. புதியதன் விலை எட்டாதபோது, இரண்டு மூன்று கை மாறிய வண்டியை நாடுகிறோம். பெயிண்ட்டையும் டயரையும் உற்று நோக்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத கியர் பாக்ஸைப் பற்றிக் கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. அக்குறையை அறிந்தே மறைப்பது வியாபாரச் சாமர்த்தியம் அன்று, அது மோசடி. அதற்கும் மேலாக, பிறர் உயிரோடு விளையாடுவது.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்? இவ்வண்டிகளின் கியர் பாக்ஸில் பல் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் கியர் மாற்றும்போது, கவை போன்ற ஃபோர்க் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. அதன் பக்கத்திலுள்ள தடித்த முட்டுகள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் சென்று பொருந்துகின்றன. கிளட்சை முழுமையாகப் பிடிக்காமல் கியரை உதைப்பவரிடமும், முன் சக்கரத்தைத் தூக்கி வித்தை காட்டுபவரிடமும் இருந்த வண்டியில் அம்முட்டுகளின் விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குச் செல்ல நியூட்ரலைக் கடக்க வேண்டியிருப்பதால், இரண்டாவது கியரிலேயே இத்தேய்மானம் பெரும்பாலும் முதலில் வெளிப்படும். மழுங்கிய முட்டு, திராட்டிலைத் திருகும்போது பிடிப்பை விட்டு நழுவும். எஞ்சின் அலறும், பின் சக்கரத்திற்கு இழுவை இராது. லாரியை முந்திக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனுக்கு அந்த ஒரு விநாடியில் என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே வேளையில், ஆராயாமல் ஒருவர் மீது பழி சுமத்துவதும் நமக்கு ஆகாது. கியர் சரியாக விழாத வண்டிகள் யாவற்றிலும் கியர் பாக்ஸ் பழுதாகிவிட்டது என்பதில்லை. நின்ற நிலையில் நியூட்ரல் சிக்காமல் இருந்தால், அல்லது முதல் கியர் போட்டதும் வண்டி முன்னே துள்ளினால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். கேபிளைச் சரிசெய்தாலே அது தீரக்கூடும். எஞ்சின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால், தேய்ந்த கிளட்ச் பிளேட்டையோ பொருந்தாத ஆயிலையோ ஐயுற வேண்டும். பைக்கின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்திருப்பதால், வழுக்கலைக் கூட்டும் கார் ஆயில் அதற்கு ஒவ்வாது. உதைத்த கியர் லீவர் பழைய இடத்திற்குத் திரும்பாவிட்டால், ரிட்டர்ன் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் பக்க மூடியைக் கழற்றினாலே அது தெரிந்துவிடும். தொங்கும் செயினும் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டும்கூட கியர் பாக்ஸின் சத்தம் போல நம்மை ஏமாற்றும்.

உண்மையை அறியும் வழி எளிது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி, குளிர்ந்த எஞ்சினோடு தெருமுனை வரை ஓட்டிக் காட்டும் தந்திரம் உண்டு. ஆகவே எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஆளில்லாத சாலையில், அனுபவமுள்ள ஒருவர் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் மிதமான வேகத்தில் திராட்டிலைத் திருகியும் விட்டும் பலமுறை பார்க்க வேண்டும். கியர் தானே நழுவினால் முட்டு மழுங்கியிருக்கும், அல்லது ஃபோர்க் வளைந்திருக்கும். விற்பவர் இசைந்தால் ஆயிலை வடித்தும் பார்க்கலாம். மை போன்ற நுண்துகள் இயல்பானது. விரலுக்குத் தட்டுப்படும் உலோகத் துண்டு உடைசலின் அடையாளம்.

இதைச் செப்பனிடுவது சிறு வேலையன்று. எஞ்சினை இறக்கி, கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது. அதனோடு பொருந்தும் இணைச் சக்கரத்தையும், வளைந்த ஃபோர்க்கையும், கேஸ்கெட், ஆயில் சீல் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மழுங்கிய முட்டில் வெல்டிங் வைப்பது, அந்த எஃகின் கடினத்தைக் கெடுத்துவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சக்கரங்களை வாங்குவோர், முட்டுகளின் விளிம்பு கூர்மையாக உள்ளதா எனப் பார்த்தே வாங்க வேண்டும்.

இச்செலவைத் தவிர்க்கவே பலர் வண்டியைக் கைமாற்றுகின்றனர். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கியர் பாக்ஸின் தேய்மானம் குவியலுக்குள் இருக்கும் ஈரமே அன்றோ!

"ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார்? இருக்கிறபடியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேனே" என்பர் சிலர். எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பு இல்லை என நிபந்தனையிட்டு விற்பதை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபிலோ வண்டி போன்ற பொருளில் அந்நிபந்தனை விற்பவரைக் காப்பதில்லை. ஆனால் அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. வாங்கியவருக்கும் கடமை உண்டு. பழைய குறையைக் கண்டபின், வண்டியைத் தொடர்ந்து ஓட்டித் தீர்த்துவிட்டுத் திருப்பித் தர முற்படுவது முறையன்று. கண்டவுடன் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே விற்பவர் குறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதற்கேற்ப விலையைக் குறைக்கட்டும். வாங்குபவருக்காகச் சோதிக்கும் மெக்கானிக், விற்பவரிடம் இரகசியமாகக் கமிஷன் பெறாதிருக்கட்டும். அவரது சொல் ஓர் அமானத். பெற்றோர், பிள்ளையின் அவசரத்துக்கு இணங்கிச் சோதிக்காத வண்டியை வாங்கித் தராதிருக்கட்டும். குறையைச் சொல்லி விற்பதால் சில ஆயிரம் குறையலாம், பரக்கத் குறையாது. வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், சாலையில் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.