காளேஸ்வரத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்

போன வாரம் மதுரையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைப் பெரியவர் ரசத்தில் விரலைத் தொட்டு இலையிலேயே கோடு இழுத்தார்: கோதாவரியிலிருந்து காவிரிக்கு, காவிரியிலிருந்து குண்டாற்றுக்கு. "இவ்வளவு தண்ணி வீணா கடல்ல கலக்குது சார். திருப்பி விட்டா ராமநாதபுரம் இன்னொரு தஞ்சாவூர்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பாயசம் வருவதற்குள் தென்னிந்திய விவசாயப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மேட்டுக்கு ஏற்ற மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அதான் சோலார் இருக்குல்ல?"

எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

கடலில் சேரும் ஆறு ஏதோ வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளை மாதிரி எல்லாரும் பேசுகிறார்கள். ஆறு கடலுக்குப் போகாவிட்டால் வண்டல் போகாது, முகத்துவாரத்து மீனும் இறாலும் குறையும், உப்புத் தண்ணீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவரும். நாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களில் அடிகுழாய் அடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, அப்புறம் 'வீண்' என்று சொல்லட்டும்.

அது கிடக்கட்டும். நதியைத் தூக்கிக் கொண்டுபோய் வறண்ட நிலத்தில் விடுகிற வித்தையை ஒரு மாநிலம் நமக்காகவே செய்து காட்டியிருக்கிறது. தெலங்கானாவின் காளேஸ்வரம். 2016இல் அடிக்கல், 2019 ஜூனில் திறப்பு விழா. கோதாவரியைப் படிப்படியாக மேட்டுக்கு ஏற்றும் ராட்சத பம்புகள். 2022 வெள்ளத்தில் பம்ப் ஹவுஸுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2023 அக்டோபரில் மேடிகட்டா தடுப்பணையின் தூண்கள் தரையில் இறங்கின. சுமார் 80,000 கோடியில் தொடங்கிய கணக்கு 1.47 லட்சம் கோடியைத் தாண்டலாம் என்றது மத்திய தணிக்கைத் துறை. இதற்கெல்லாம் மேலே ஒன்று: காளேஸ்வரத் தண்ணீர் இல்லாமலேயே 2024 காரிப் பருவத்தில் சாதனை நெல் விளைச்சல் என்று அந்த மாநிலத்தின் புதிய அரசே மார்தட்டியது. அப்படியானால் அந்த ஒன்றரை லட்சம் கோடி எதற்கு? பந்தியில் கேட்டிருந்தால் அப்பளம் கேட்கப் போயிருப்பார்கள்.

சோலாருக்கு வருவோம். ஒரு டிஎம்சி தண்ணீரை 100 மீட்டர் உயரம் தூக்க, பம்பின் சேதாரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 1 கோடி யூனிட் வேண்டும். காளேஸ்வரத்தின் ஒரே ஒரு பம்ப் ஹவுஸில், லட்சுமிபூரில், 139 மெகாவாட் மோட்டார்கள் ஏழு. கமுதியில் 2,500 ஏக்கரை வளைத்துப் போட்டிருக்கும் சூரியமின் நிலையம் உச்சி வெயிலில் தரக்கூடியது 648 மெகாவாட். அந்த ஏழில் ஐந்தைக்கூட அதை வைத்து ஓட்ட முடியாது. அதோடு வெள்ளம் வருவது மேகம் மூடிய மழைக்காலத்தில், ராத்திரியும் வரும். மானாவாரி நிலத்துக்குத் தண்ணீர் தூக்க மானாவாரி நிலத்தையே கண்ணாடிப் பலகையால் மூடுவோம் என்பதுதான் திட்டம் போலிருக்கிறது.

உடனே பென்னிகுவிக் பெயரைச் சொல்வார்கள். 1895இல் மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பினாரே! திருப்பினார், எத்தனை மோட்டார் வைத்தார்? சுரங்கம் வழியாகத் தண்ணீர் தானே இறங்கி வருகிறது, வருகிற வழியில் லோயர் கேம்பில் மின்சாரம் வேறு தருகிறது. காளேஸ்வரம் மின்சாரத்தைத் தின்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவரிடம் மேலே பேச என்ன இருக்கிறது?

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு இறைக்காமல் ஓடும் கால்வாய்தான், ஒப்புக்கொள்கிறேன். 2021இல் அடிக்கல் நாட்டினார்கள், 262 கிலோமீட்டர். ஆனால் காவிரியில் வெள்ளம் வந்தால்தான் அதில் தண்ணீர். வந்த வெள்ளத்தை நாம் ஆண்ட லட்சணமும் தெரியும்: 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. சரி, அதையும் தாண்டித் தண்ணீர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதில் நிரப்புவார்கள்?

எங்கள் ஊர்க் கண்மாயைச் சொல்கிறேன். வரத்துக்காலுக்குக் குறுக்கே புதுச் சாலை போட்டவர்கள், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழாயைப் புதைத்துவிட்டுப் போனார்கள். அதன் வாயில் பிளாஸ்டிக்கும் முள்ளும் அடைந்து கிடக்கிறது. உள்ளே சீமைக்கருவேலங்காடு, கரையில் நடந்தால் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாது. கலுங்கை யாரோ உடைத்துக் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். மடைப் பலகை துருப்பிடித்து நிற்கிறது. நீர்பாய்ச்சியின் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இதுதான் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற பூமி. இதைத்தான் பாலைவனம் என்று சொல்லி நதியைக் கூட்டிவரப் போகிறார்கள். பெய்கிற மழையையே உள்ளே விடாத கண்மாய் கோதாவரியை மட்டும் வா வா என்று அழைக்குமா? மதுரை நகரத்திலோ கண்மாய்களின் மேலேயே தெருக்கள். 2024 அக்டோபரில் கொட்டிய ஒரு மழைக்கு செல்லூர் மிதந்தது.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் 39,000க்கு மேல். குடிமராமத்து என்று பழைய பெயரை எடுத்துப் புதிய பில் போட்டார்கள்; பல இடங்களில் வண்டல் போனது வயலுக்கா செங்கல் சூளைக்கா என்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். வரத்துக்காலை அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுத்தால் சர்வேயர் இல்லை என்கிறார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய்க்கு நிலம் அளக்க மட்டும் சர்வேயர் எங்கிருந்து வந்தார்?