சால்மன் மீனும் இரு தேசத்து நியாயமும்

பஸிபிக் ஸமுத்திரத்துச் சால்மன் மீன்களைக் காப்பதற்கும் பங்கிட்டுக்கொள்வதற்கும் கானடாவும் அமெரிக்காவும் 1985-ஆம் வருஷத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் முக்கியமான மீன்பிடி ஷரத்துகள் 2028-ஆம் வருஷ முடிவு வரையிலேயே செல்லும். அவற்றைப் புதுப்பிக்கும் பேரத்தில், இரு தேசத்து விஞ்ஞானிகளும் கூடியமர்ந்து தயாரிக்கும் கணக்கே அடிப்படையாக நிற்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

வழக்குக்கு மூலம் அந்த மீனின் சுபாவமே. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே அது திரும்புகிறது. கானடாவின் பிரேஸர் நதியில் பிறந்த மீன் அமெரிக்கர் வலையில் விழுகிறது; வாஷிங்டன் மாகாணத்து ஆறுகளில் பிறந்த மீன் கானடியர் வலையில் விழுகிறது. எந்த ஆற்று மீன் எவ்வளவு, அதைப் பிடித்தவர் யார் என்பது தெரியாமல் நியாயம் பேசுவது எங்ஙனம்?

1913, 1914-ஆம் வருஷங்களில் ரயில் பாதை வேலையால் பாறைகள் சரிந்து, பிரேஸர் நதியின் ஹெல்ஸ் கேட் இடுக்கில் மீன் செல்லும் வழி அடைபட்டது. 1937-இல் ஏற்பட்ட கூட்டுக் கமிஷன், எட்டு வருஷம் ஆராய்ந்த பின்னரே மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது நிபந்தனை. அந்த ஆராய்ச்சியின் பயனாக அவ்விடத்தில் மீன் ஏறுவதற்குக் கால்வழிகள் கட்டப்பட்டன. முதலில் அறிவு, பிறகு அதிகாரம்! இம்முறை இன்றும் பின்பற்றத்தக்கது.

பங்கு பற்றிய உடன்பாடு முறிந்தால் நேர்வது என்ன என்பதை 1997-ஆம் வருஷம் காட்டிற்று. அவ்வாண்டு ஜூலையில் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில், அலாஸ்காவின் பிரயாணிக் கப்பல் ஒன்றைக் கானடிய மீனவர் தங்கள் படகுகளால் மூன்று நாள் வளைத்து நிறுத்தினர். 1999-இல் ஏற்பட்ட சமாதானம், மீன் பெருகினால் பிடிப்பைக் கூட்டவும் குறைந்தால் குறைக்கவும் வகை செய்தது. பெருக்கத்தை மதிப்பிடும் பொறுப்பு இரு தேசத்தாரும் கலந்த நிபுணர் கமிட்டிகளைச் சேர்ந்தது.

நிபுணர்களும் தவறுவதில்லையா என்று சிலர் கேட்கலாம். தவறியதுண்டு. 2009-இல் பிரேஸர் நதிக்கு ஒரு கோடிக்கு மேல் ஸாக்கை மீன் வருமென்று மதிப்பிட்டார்கள். வந்தது சுமார் பதினைந்து லட்சம். மறு வருஷமோ மூன்று கோடியை நெருங்கிற்று. ஆயினும் மதிப்பீடு பிழையென்று வெளிப்படுத்தியதும் பருவத்தின்போதே நடந்த எண்ணிக்கைதான். எண்ணுவதை நிறுத்தினால் பிழை மறையாது. பிழையை அறியும் வழிதான் மறையும்.

அலாஸ்காவும் கானடாவும் யூகான் நதியில் சினூக் மீன் பிடிப்பதை ஏழு வருஷம் நிறுத்திவைக்க 2024-இல் உடன்பட்டன. தலைமுறை தலைமுறையாக அதை உண்டு வாழ்ந்த பூர்வகுடிகளிடம் கேட்கப்படும் தியாகம் இது. அவர்கள் இழப்பது உணவு மட்டுமன்று. குழந்தைகளுக்கு வலை போடக் கற்பிக்கும் காலமும் அதில் போகிறது. இவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்பவர்கள், அதற்கு ஆதாரமான கணக்கை ஒளிக்காமல் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

ஆகையால் கமிட்டிகளின் அறிக்கைகள், உறுப்பினரின் மாறுபட்ட அபிப்பிராயங்களோடு, உடனுக்குடன் பிரசுரமாகவேண்டும். செலவைச் சுருக்குகிறோமென்று ஸர்க்கார்கள் மீன் எண்ணும் வேலையில் கைவைக்கலாகாது. பேரம் பேசுவோர் விஞ்ஞானிகளுக்கு விடை சொல்லிக்கொடுக்கலாகாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிப்பது ஜனங்களின் உரிமை; எவ்வளவு உண்டு என்பதைச் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை. இவ்விரண்டையும் கலந்து குழப்பினால், உரிமையும் நிலைக்காது, மீனும் நிலைக்காது.