மாடத்தில் நிற்பவரும் தொட்டியில் நிற்பவரும்

மொராக்கோ நாட்டில் ஃபெஸ் என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. அதன் பழைய பகுதிச் சந்துகளில் மோட்டார் நுழையாது. “பாலக்! பாலக்!” என்று கழுதைக்காரர் கூவினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரிய நகராக ஏற்றது. நான் அந்நகரைக் கண்டதில்லை. கண்டு வந்தோர் எழுதியவற்றைப் படித்த பிறகு எழுந்த மனக்குறையையே இங்கு எழுதுகிறேன்.

அங்குச் செல்வோர் தவறாமல் காண்பது ஷவ்வாரா என்னும் தோல் பதனிடும் களம். தேனடைபோல் நெருங்கிய கல் தொட்டிகள். சிலவற்றில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர், சிலவற்றில் சாயம். முழங்கால் அளவு நீரில் இறங்கித் தொழிலாளர் தோலை மிதிக்கின்றனர். சுற்றியுள்ள கடைமாடங்களில் நின்று பயணிகள் பார்க்கின்றனர். நாற்றம் தாங்காதல்லவா? கடைக்காரர் ஆளுக்கொரு புதினாக் கொத்துக் கொடுத்துவிடுகிறார்!

கால்மணி நேரம் மாடத்தில் நிற்பவருக்குப் புதினா. நாள் முழுதும் தொட்டியில் நிற்பவருக்கு? “நூற்றாண்டுகளாக மாறாத காட்சி” என்று வியந்து எழுதுகிறார்கள். சுண்ணாம்பு நீர் ஆட்டுத் தோலை மட்டுமா அரிக்கும்? 2015ஆம் ஆண்டையொட்டி அக்களத்தைப் புதுப்பித்தார்கள், நன்று. கல்லுக்குக் கிடைத்த கவனம் காலுக்கும் கிடைக்க வேண்டாமா?

தொழிலே ஒழிக என்கிறாயா எனக் கேட்பீர்கள். இல்லவே இல்லை. அதே நகரின் ஸெல்லீஜ் ஓட்டு வேலையைப் பாருங்கள். மெருகிட்ட ஓட்டைச் சுத்தியால் கொத்தி, விண்மீனும் பலகோணமுமாக்கி, வண்ணமுகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்குகிறார் கைவினைஞர். பின்புறம் சாந்து பூசி நிமிர்த்தும் வரை கோலத்தை அவர் கண் காணாது. மனத்திலேயே கணக்கு முழுதும் இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த பூ இனானியா மதரஸாவின் சுவர்களில் அக்கணக்கு இன்றும் ஒளிர்கிறது. கட்டிய மன்னர் அபூ இனானின் பெயர் நிலைத்துவிட்டது. ஓடு கொத்தியவர் பெயரை யார் சொல்கிறார்கள்? அருகிலேயே, 859ஆம் ஆண்டு ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாக வழங்கும் கரவிய்யீன் பல்கலைக்கழகம். அங்கே கற்பது கல்வியென்றால், இங்கே கையில் இருப்பதும் கல்விதான். கற்றவனுக்குரிய கூலியையும் உடல்நலத்தையும் கொடாமல் கலையை மட்டும் காப்பாற்றுவோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

மாடத்துக் கடையில் தோற்பை வாங்குவோர் பேரத்தில் வல்லவர்கள். விலை கேட்கும் வாயால், “இதில் மிதித்தவருக்கு எவ்வளவு?” என்றும் கேட்கட்டும். கடைக்காரர் முகம் சுளிக்கக்கூடும். அவர் கொடுத்த புதினாக் கொத்தை அவரிடமே நீட்டலாம்!