கைத்தொலைபேசிக் கேமரா மருத்துவக் கருவியாக முடியுமா?

முடியும். ஆனால் கேமரா சில்லு மட்டும் போதாது.

சிறுகுடலைப் படமெடுக்க நோயாளி விழுங்கும் மாத்திரைக் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் இருக்கும் அதே வகைச் சில்லுதான் அதிலும். அமெரிக்காவில் அதற்கு 2001-இல் அனுமதி கிடைத்தது.

அப்போ வித்தியாசம் எங்கே?

கைத்தொலைபேசி படத்தை அழகாக்கும். மருத்துவக் கேமரா அப்படிச் செய்யக்கூடாது. சிவப்பு நிறம் சற்று மங்கினாலும் ரத்தக்கசிவு மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

மேலுறை உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா? மின்கசிவு ஏற்படுமா? மென்பொருள் கோளாறானால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர் சோதனை ஆதாரம் காட்டவேண்டும்.

சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் மருத்துவக் கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து 4 பிரிவாக வகுத்திருக்கிறது. ஆபத்து கூடினால் சோதனையும் கூடும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் காதுக் கேமராவில் படம் பளிச்சென்று தெரியலாம். அதை மட்டும் நம்பி, 'காதில் ஒன்றுமில்லை' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீங்க.